உப்பேறிய சப்பாத்து

சேரின் செத்தவீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வாசல் முழுக்கச் செருப்புகள் கிடந்தன. வவுனியாவில் அவருடைய வீடு இருக்கும் ஒழுங்கை குறுகலானது. பந்தலின் பாதி ஒழுங்கைக்குள்தான் நின்றது. வந்தவர்கள் கேற்றடியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மணலில் நடந்தார்கள். என்னுடையதை எங்கே விட்டால் திரும்பக் கண்டுபிடிக்கலாம் என்று இடம் தேடியபோதுதான் அதைக் கண்டேன். விறாந்தைப் படியின் இடது மூலையில், அவை எப்போதும் இருக்கும் இடத்தில், சேரின் கறுப்புச் சப்பாத்துகள் இருந்தன. நுனி இரண்டும் கேற்றைப் பார்த்தபடி. நாடாக்கள் உள்ளே மடித்து வைக்கப்பட்டிருந்தன. மேல்தோல் முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. அடியோடு ஒட்டிய பகுதியில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு, வற்றிய குளத்தின் கட்டில் தண்ணீர் நின்ற தடம் போல, சப்பாத்தைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடியது. அவ்வளவு நெரிசலிலும் அதன் பக்கத்தில் ஒருவரும் செருப்பைக் கழற்றியிருக்கவில்லை.

அந்தக் கோடு எப்படி வந்ததென்று எனக்குத் தெரியும். அது வந்த அன்றைக்கு நானும் அவரோடு கடற்கரையில் நின்றேன்.

நான் சேர் என்று கூப்பிட்டவர் ஒரு சட்டத்தரணி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் படித்து, இளவயதிலேயே இராணுவத்தின் சட்டப் பிரிவில் சேர்ந்தவர். மேஜராக ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு எல்லோரும் கொழும்பில் வீடு பார்க்க, அவர் வவுனியாவில் வந்து இருந்துகொண்டு வன்னியில் இராணுவ முகாம்களுக்குள் அகப்பட்ட காணிகளின் வழக்குகளை எடுக்கத் தொடங்கினார். சனம் அவருக்கு வைத்த பெயர் ‘ஆமி லோயர்’. அது அவருக்கும் தெரியும். ஒருமுறை கண்டாவளையிலிருந்து யாரோ எடுத்த தொலைபேசிக்கு, “ஓம், ஆமி லோயர்தான் கதைக்கிறன், சொல்லுங்கோ” என்று அவர் பதில் சொன்னதை நானே கேட்டேன். மற்றப் பக்கத்தில் இருந்தவர் வெட்கத்தில் வைத்துவிட்டார். சேர் திரும்ப எடுத்து, “வைக்காதேங்கோ, உங்கட அலுவலைச் சொல்லுங்கோ” என்றார்.

நான் கிளிநொச்சியில் ஒரு நில அளவையாளரின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தது அளவையும் வரைபடமும். சேரின் வழக்குகளுக்கு வரைபடம் கீறுவதும் கருவியைத் தூக்கிக்கொண்டு அவரோடு காணி பார்க்கப் போவதும் என் பொறுப்பில் வந்தது. அதை நான் விரும்பி ஏற்கவில்லை. என் அண்ணா கடைசிச் சண்டையில் காணாமற்போனவர். நான் யாரோடு வேலைக்குப் போகிறேன் என்று அறிந்த அன்றைக்கு அம்மா குசினியிலிருந்து வெளியே வராமலே, “வேலையெண்டால் செய். அந்தாள் தாற தேத்தண்ணியை மட்டும் குடியாதை” என்று சொன்னா. அன்றிலிருந்து நான் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுபோனேன். சேர் அதைக் கவனித்தார். ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே போகும் ஒவ்வொரு முறையும் என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதி, ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வருவது என் பழக்கம். முக்காலி, பற்றரி, உறுதியின் பிரதி, குடை, தண்ணீர்ப் போத்தல். சேர் பிக்கப்பின் கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்ப்பார்.

“லிஸ்ரில நான் இருக்கிறனோ, பிள்ளை?”

“கடைசியில இருக்கிறீங்கள், சேர்.”

“கடைசியெண்டால் மறந்துபோடுவீங்கள். போத்தலுக்கு முன்னால போடுங்கோ.”

போத்தலைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு வேலைமுறை இருந்தது. அதனால் எங்களுடைய ஒவ்வொரு கூட்டமும் இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. ஒரு இடத்தில் சிங்களம் மட்டும் தெரிந்த ஒருவரும் தமிழ் மட்டும் தெரிந்த ஒருவரும் நின்றால், அங்கே பேசப்படும் எல்லாவற்றையும் சேர் இரண்டு தரம் சொல்வார். தான் சொல்வதையும், மற்றவர் சொல்வதையும். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். தேநீருக்குச் சீனி வேண்டாம் என்பதைக்கூட இரண்டு மொழியிலும் சொல்லி ஒரு சிப்பாயைச் சிரிக்க வைத்திருக்கிறார். ஆனால் எல்லா நேரமும் அது சிரிப்பில் முடியவில்லை. ஒரு கூட்டத்தில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் வாய்க்குள் “கள்ளர்” என்று முணுமுணுத்தார். சேர் அதையும் எடுத்து அதிகாரிகளுக்குச் சிங்களத்தில் சொன்னார். கமக்காரர் வெலவெலத்துப்போய், “ஐயா, அதை ஏன் சொன்னனீங்கள்?” என்றார். “நீங்கள் சொன்னனீங்கள்தானே? சொல்லவேண்டாமெண்டால் சொல்லாதேங்கோ. தன்னைப்பற்றின கதை தனக்கு விளங்காமல் ஒருத்தரும் இந்த அறைக்குள்ள இருக்கக்கூடாது.” இதைச் சொல்லிவிட்டு அதையும் சிங்களத்தில் சொன்னார். அவரோடு வேலை செய்வது எனக்கு எப்போதும் நெஞ்சிடியாகவே இருந்தது. எந்த வாக்கியம் எப்போது எங்கே போய் விழும் என்று தெரியாது.

சம்மாட்டி அம்மாவின் வழக்கு நான் சேரோடு போகத் தொடங்கிய இரண்டாம் வருடத்தில் வந்தது. முல்லைத்தீவுக் கரையில், ஒரு மாதா கோவிலுக்குப் பக்கத்தில் அவவின் காணி. கணவர் வள்ளங்களும் வலையும் வைத்திருந்த சம்மாட்டி. போரில் இறந்துவிட்டார். காணியைச் சுற்றி முகாம் வந்தது. வீடு இல்லை, வேலி இல்லை, பக்கத்துக் காணிக்காரர்களும் இல்லை. எஞ்சியிருந்தது காணிப் பத்திரமான உறுதியின் ஒரு பிரதி. அதில் கிணறு கோவில் மதிலிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதியிருந்தது. முகாம்காரர் ஒரு நடைமுறைக்குச் சம்மதித்திருந்தார்கள். உரிமை கோருகிறவர் ஒரேயொரு முறை உள்ளே வந்து தன் காணியைத் தானே அடையாளம் காட்டவேண்டும். யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. காட்டியது உறுதியோடு பொருந்தினால் முகாம் வேலி பின்னுக்குப் போகும். பொருந்தாவிட்டால் கோரிக்கை அத்தோடு முடிந்தது. அவவுக்கு இருந்தது அந்தக் காணி ஒன்றுதான். மருமகனுடைய தகரக் கொட்டிலின் ஒரு மூலையில் இருந்துகொண்டு அதற்காகப் பல வருடம் காத்திருந்தா.

அன்றைக்கு வாசலில் அடையாள அட்டைகளையும் தொலைபேசிகளையும் வாங்கி வைத்தார்கள். என் கருவியைப் பிரித்துப் பார்த்தார்கள். இளம் கப்டன் ஒருவர் வந்தார். சேரைக் கண்டதும் அவருடைய கை தன்பாட்டில் நெற்றிக்கு உயர்ந்தது. சேர் தலையை மட்டும் அசைத்தார். சம்மாட்டி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் கேட்டா.

“சலூட் அடிக்கிறாங்கள், பிள்ளை. இவர் எங்கட ஆளோ, அவங்கட ஆளோ?”

நான் அவவின் கையை விடாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே பாதையோரக் கற்களுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். தென்னைகளுக்கு இலக்கம் இட்டிருந்தார்கள். பூப்பாத்திகள் இருந்தன. ஒரு ஊர் இருந்த இடம் என்பதற்கு இரண்டு கிணறுகளைத் தவிர ஒன்றும் இல்லை. தண்ணீர் எல்லோருக்கும் தேவை என்பதால் கிணற்றை மட்டும் ஒருவரும் மூடவில்லை. இரண்டுக்கும் வெள்ளை அடித்திருந்தது. கிட்டே இருந்ததில் ஏழெட்டுச் சிப்பாய்கள் சாரத்தோடு நின்று குளித்துக்கொண்டிருந்தார்கள். சவர்க்கார நுரை வாய்க்காலில் ஓடியது. சம்மாட்டி அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பாமலே நடந்தா. தூரத்தில் தனியாகக் கிடந்த மற்றக் கிணற்றடிக்குப் போய் நின்றா. அதன் கட்டில் கையை வைத்தா.

“இதுதான்.”

ஒரு சிப்பாய் அதைத் தாளில் எழுதினார். அம்மா கையெழுத்து வைத்தா. அதன்பிறகு சேர் என்னிடம் திரும்பினார்.

“பிள்ளை, உங்கட மெசின் என்ன சொல்லுது?”

கோவில் மதிலிலிருந்து நான் ஏற்கெனவே அளந்திருந்தேன். அந்தக் கிணறு உறுதியில் சொன்ன தூரத்தைத் தாண்டி வெகுதூரம் தள்ளி இருந்தது. என்னைக் கேட்காமல் விட்டிருக்கலாமே என்று அந்த நேரம் நினைத்தேன். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“உறுதியில இருக்கிற தூரத்துக்கு இது சரிவரேல்லை, சேர்.”

சேர் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். சம்மாட்டி அம்மா என்னைப் பார்த்த பார்வை இப்போதும் எனக்குள் கிடக்கிறது. கோபம்கூட அதில் இல்லை. வழியில் விட்டுவிட்டுப் போன ஒருவரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தா.

கப்டன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேருக்குக் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, சிங்களத்தில் சொன்னார். கல்லூரியில் படித்த சிங்களம் எனக்கு அதை விளங்கிக்கொள்ளப் போதும். ‘சேர், இது ஒரு தாள். நான் கிழித்துவிடுகிறேன். நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், மற்றக் கிணற்றைக் காட்டட்டும். புதிதாக எழுதுவோம்.’ அது மரியாதையில் சொன்னது. இரக்கமும் அதில் இருந்தது. எழுதிய சிப்பாய் தாளைக் கழற்றக்கூடத் தொடங்கிவிட்டார். என் மூச்சு திரும்பி வந்தது.

சேர் முதலில் அந்த வாக்கியத்தைச் சம்மாட்டி அம்மாவுக்கு உரத்துத் தமிழில் சொன்னார். கப்டனின் முகம் சிவந்தது. பிறகு சேர் இரண்டு மொழியிலும், “வேண்டாம்” என்றார். “எழுதினது எழுதினபடி இருக்கட்டும். தூரம் சரிவரேல்லை எண்டதையும் அதுக்குக் கீழ எழுதுங்கோ.”

சம்மாட்டி அம்மா தலைப்பை எடுத்துவிட்டு அவரை நேரே பார்த்தா.

“ஐயா, அந்தப் பிள்ளை கிழிக்கிறன் எண்டுதானே சொல்லுது. நீங்கள் ஏன் வேண்டாமெண்டுறீங்கள்?”

“இண்டைக்கு இவர் உங்களுக்காகக் கிழிப்பார், அம்மா. இவர் மாறிப்போன பிறகு வாறவர் மற்றத் தாளையும் கிழிப்பார். இஞ்ச கிழிக்கலாமெண்டு காட்டிக்குடுத்தது நாங்களாயிருப்பம்.”

அதையும் கப்டனுக்குச் சொன்னார். கப்டன் தாளை வாங்கி, தன் கையாலேயே அடுத்த வரியை எழுதினார்.

பிக்கப்பில் திரும்பினோம். முகாம் வாசல் மறைந்த பிறகு, பின் இருக்கையிலிருந்த சம்மாட்டி அம்மா என்னிடம் சொல்வது போல, ஆனால் சேருக்குக் கேட்கும்படி சொன்னா.

“ஆமிக்காரன் எண்டைக்கும் ஆமிக்காரன்தான், பிள்ளை.”

சேர் கண்ணாடியில் அவவைப் பார்த்தார். “அதைச் சிங்களத்தில சொல்லுறதுக்கு இஞ்ச ஆள் இல்லையே, அம்மா.”

அவ சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. சரியாகச் சொன்னால், அந்த நேரம் நான் முழுக்க அவவின் பக்கம் இருந்தேன். கிழிந்திருக்க வேண்டிய ஒரு தாளுக்காக ஒரு மனுசியின் காணி போகிறது என்றுதான் எனக்குத் தெரிந்தது.

கோவிலடியில் சேர் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பாமலே கேட்டார். “அம்மா, மற்றக் கிணத்தை ஏன் நீங்கள் பாக்கேல்லை?”

“குளிச்சுக்கொண்டு நிக்கிறாங்கள், ஐயா. நான் எப்பிடிப் போய்ப் பாக்கிறது?”

சேர் ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தார். “அதை நான் கவனிச்சிருக்க வேணும்” என்றார்.

“எனக்கு அந்தக் கேற்றால போய்ப் பழக்கமும் இல்லை.” சம்மாட்டி அம்மாவின் கோபம் இப்போது அழுகையோடு கலந்து வந்தது. “நாங்கள் எண்டைக்கு றோட்டால வந்தனாங்கள்? கடலால கொண்டுபோய் விட்டால் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவன். கோவில் குருசையும் பனையையும் ஒண்டாப் பிடிச்சு வந்தால் நேரே என்ர கிணத்தடிதான். அவர் இருட்டுக்குள்ளயும் அப்பிடித்தான் வள்ளத்தைக் கொண்டந்து ஏத்துவார்.”

சேர் அப்போதுதான் திரும்பினார். “கடல் முகாமுக்குள்ள இல்லைத்தானே?” என்றார்.

வள்ளத்தில் போகப் போகிறோம், எங்கிருந்து எங்கே பார்க்கப் போகிறோம் என்பதை அவர் முகாமுக்கு எழுத்தில் அறிவித்தார். சில நாள் கழித்து ஒரு விடியல். மருமகன் வள்ளத்தைத் தள்ளத் தயாராக நின்றார். சேர் வழக்கம்போல் நீளக் காற்சட்டையும் மினுங்கும் சப்பாத்துமாக மணலில் வந்தார்.

“லோயர், சப்பாத்தோட வள்ளத்தில ஏறக்கூடாது” என்றார் மருமகன்.

சேர் மணலில் குந்தி நாடாவை அவிழ்த்தார். சப்பாத்துகளைச் சோடியாக, நுனி கடலைப் பார்க்க, ஈரமில்லாத ஒரு இடமாகப் பார்த்து வைத்தார். சம்மாட்டி அம்மா அதைப் பார்த்துக்கொண்டே ஏறி வள்ளத்தின் முன் அணியத்தில் இருந்தா. கோவிலடிக்குப் பிறகு அவ அவரோடு கதைக்கவில்லை.

கரையிலிருந்து விலகி முகாமுக்கு நேரே வந்தபோது காவலரணில் இருந்தவர் விசில் ஊதினார். பிறகு துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு மணலுக்கு இறங்கி வந்தார். நான் கருவியை மடியில் வைத்து மூடிக்கொண்டேன். அந்த வயதில், அந்த ஆட்டத்தில், சேர் வள்ளத்தின் நடுவே எழுந்து நின்றார். தான் யார், நாங்கள் என்ன செய்கிறோம், யாருக்கு அறிவித்திருக்கிறோம் என்று சிங்களத்தில் உரத்துச் சொன்னார். அதே மூச்சில் எங்களுக்காகத் தமிழிலும் சொல்லத் தொடங்கினார்.

“எங்களுக்குத் தெரியும், ஐயா, இருங்கோ. வள்ளம் பிரளப்போகுது” என்றா சம்மாட்டி அம்மா. கோவிலடிக்குப் பிறகு அவ அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

காவலுக்கு நின்றவர் வோக்கி டோக்கியில் யாரோடோ கதைத்தார். நாங்கள் ஆடிக்கொண்டு காத்திருந்தோம். அவர் கையைக் காட்டிவிட்டு மேலே போனார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்துக்கொண்டிருப்பதே போதுமாயிருந்தது. சம்மாட்டி அம்மா கரையைப் பார்த்தபடி மருமகனுக்குக் கையால் காட்டிக்கொண்டு வந்தா. இன்னும் வடக்கால, இன்னும், கொஞ்சம் பின்னால. கோவில் கோபுரத்துக் குருசு மெல்ல நகர்ந்து வந்தது. செல் விழுந்து தலையில்லாமல் நின்ற பனை அதற்கு எதிரே வந்தது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக நின்ற கணத்தில், “இந்தா, நிப்பாட்டு” என்றா. நான் அந்த இடத்தைப் பதிந்தேன். கரைக்குக் கிட்டே கொண்டுபோய் மறுபடி பிடித்தோம், மறுபடி பதிந்தேன். அந்த இரண்டு புள்ளிகளையும் இணைத்து என் படத்தில் கோட்டை நீட்டியபோது அது சிப்பாய்கள் குளித்த கிணற்றின் மேல் போனது. உறுதியின் தூரமும் அங்கே சரியாக வந்தது.

சம்மாட்டி அம்மா இப்போது கண்ணை மூடிக்கொண்டுதான் கதைத்தா. “உள்ளுக்க, கடல் பக்கக் கட்டில, உடைஞ்ச நங்கூரத்தின்ர கொழுக்கி ஒண்டை அவர் வைச்சுக் கட்டினவர். மீன் பழுதாகாமல் ஓலைக் கடகத்தைத் தண்ணிக்குக் கிட்டத் தொங்கவிடுறதுக்கு.”

“அது இப்பவும் இருக்குமோ, அம்மா?”

“இரும்பு, ஐயா. ஆர் கழட்டுறது?”

கரைக்குத் திரும்பியபோது அலை ஏறியிருந்தது. சப்பாத்து ஒன்று மணலில் பாதி புதைந்து கிடந்தது. மற்றதை மருமகன் தண்ணீருக்குள்ளிருந்து எடுத்தார். சேர் இரண்டையும் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு முகாம் வாசலுக்குப் போனார். பழைய மேஜர் ஒருவர் சொட்டச் சொட்டச் சப்பாத்தோடு நிற்பதைக் கண்ட கப்டன் ஒரு கணம் சலூட் அடிக்கவும் மறந்து நின்றார். சேர் கொழுக்கியைப் பற்றிச் சொன்னார். எங்களை உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டுக் கப்டன் தானே போனார். நாங்கள் வெயிலில் நின்றோம். சம்மாட்டி அம்மாவின் உதடுகள் மாதாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன. அந்தக் காத்திருப்புப் போல ஒன்றை நான் அதற்குப் பிறகு அனுபவிக்கவில்லை.

கப்டன் திரும்பி வந்தபோது கையில் சவர்க்காரம் போடும் ஒரு வலைப்பை இருந்தது. கொழுக்கி இருந்தது. வெள்ளை அடித்திருந்தார்கள், ஆனால் இருந்தது. அவருடைய ஆட்கள் அதில்தான் சவர்க்காரத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் அந்தப் பழைய தாளை எடுத்தார். பிழையாகக் காட்டியது, தூரம் பொருந்தாதது, இரண்டுக்கும் கீழே கடலிலிருந்து பார்த்ததையும் கொழுக்கியையும் எழுதினார். ஏன் முதலில் பிழைத்தது என்பதையும் சேர் எழுதச் சொன்னார். சிப்பாய்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள் என்ற வரியை எழுதும்போது கப்டன் சம்மாட்டி அம்மாவைப் பார்க்கவில்லை.

இதை ஏற்பதா என்பது மேலிடத்தின் கையில் இருந்தது. முடிவு வர நெடுங்காலம் எடுத்தது. கப்டன் மாற்றலாகிப் போனார். சேரின் நெஞ்சு பலவீனமாகியது. படியேறும்போது நடுவில் நிற்கத் தொடங்கினார். அலுவலகத்தில் இருக்கும்போது சப்பாத்தைக் கழற்றிப் பொலிஷ் போட்டுத் தேய்ப்பார். காய்ந்ததும் கோடு மறுபடி வெளியே வரும். “உப்பு உள்ளுக்க போட்டுது, பிள்ளை” என்பார். அவருடைய மகன் புதுச் சோடி ஒன்று அனுப்பினார். அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

அந்த நாட்களில் ஒன்றில் ஏன் இராணுவத்தில் சேர்ந்தார் என்று அவரிடம் கேட்டேன். “அதுக்கு என்னட்ட நல்ல பதில் ஒண்டும் இல்லை, பிள்ளை. வேலை கிடைச்சது, போனன். வெளிய வரக் கன காலம் எடுத்தது” என்றார். அம்மா சொல்லியனுப்பிய இன்னொரு கேள்வியும் என்னிடம் இருந்தது. அண்ணாவைப் பற்றி. அவர் பேனையை மூடி வைத்துவிட்டு, “எனக்குத் தெரியாது. தெரிஞ்சால் உங்களுக்குச் சொல்லாமல் இருக்கமாட்டன்” என்றார். விசாரித்துப் பார்க்கிறேன் என்றோ, நம்பிக்கையோடு இருங்கள் என்றோ அவர் சொல்லவில்லை. வீட்டில் அம்மா கேட்டா.

“தெரியாதெண்டே சொன்னவர்?”

“ஓம்.”

அம்மா அடுப்பை ஊதினா. “இவ்வளவு நாளிலயும் அப்பிடிச் சொன்னது அவர் ஒருத்தர்தான்” என்றா. அதுவரை அவ அவரை ‘அந்தாள்’ என்றுதான் சொல்லிவந்தா. அடுத்த நாள் நான் போத்தல் கொண்டுபோகவில்லை.

கடைசியில் விசாரணைக்கு வேறொரு இடத்திலிருந்து மூத்த அதிகாரி ஒருவர் வந்தார். கடுமையானவர். கோப்பைத் திறந்ததும் அவருடைய விரல் நேரே அந்தத் தாளின் முதல் வரியில் போய் நின்றது. உரிமை கோருகிறவர் பிழையான கிணற்றைக் காட்டியிருக்கிறாரே என்றார். சேர் அதைத் தமிழில் சொன்னார். சம்மாட்டி அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. அதிகாரி கீழே வாசித்தார். மறுபடி மேலே போனார். மறுபடி கீழே. பிறகு, இந்த முதல் வரியை ஒருவரும் எடுத்துவிட முயலவில்லையா என்று கேட்டார். சேர் கேள்வியைத் தமிழில் சொன்னார். அதற்குப் பதிலும் சொன்னார். “முயன்றார்கள். நல்ல மனதோடுதான். நான் வேண்டாமென்றேன்.” அதையும் தமிழில். அதிகாரி சேரைப் பார்த்துவிட்டு, அப்படியானால் கீழே உள்ளதையும் நம்பலாம் என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

வேலி பின்னுக்குப் போனது. சம்மாட்டி அம்மா சேருக்கு ஒரு பொதி கருவாடு கொடுத்தனுப்பினா. மச்ச மாமிசம் தொடாத மனிதர். அதை முகர்ந்துகூடப் பார்க்க முடியாமல் கையை நீட்டிப் பிடித்தபடி என்னிடம் தந்து, “அம்மாட்டக் குடுங்கோ” என்றார். எங்கள் அம்மா அதை வாங்கினா. அவருடைய கையால் வந்த ஒன்று எங்கள் குசினிக்குள் போனது அதுதான் முதல்முறை.

செத்தவீட்டில் சம்மாட்டி அம்மா எனக்கு முன்னமே வந்து, விறாந்தைப் படிக்குக் கிட்டே ஒரு கதிரையில் இருந்தா. நானும் பக்கத்தில் இருந்தேன். அவ சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

“அண்டைக்கு அவர் அதை வைச்ச இடத்துக்குத் தண்ணி வருமெண்டு எனக்குத் தெரியும், பிள்ளை” என்றா. “சொல்லேல்லை. எனக்கு அவ்வளவு கோவம்.”

“அவருக்கு அது தெரியுமோ?”

“பிறகு சொன்னனான். ‘சப்பாத்து கடலைப் பாத்ததே போதும்’ எண்டார்.”

அப்போது கேற்றடியில் ஒரு சலசலப்பு. வெள்ளைச் சேட்டில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். முடிவெட்டைப் பார்த்தே யாரென்று எல்லோருக்கும் தெரிந்தது. பந்தலுக்குள் கதை நின்றது. முன்னால் வந்தவர் அந்தக் கப்டன்தான். அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். இடம் தேடிவிட்டு, விறாந்தைப் படியில், சேரின் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்போது சம்மாட்டி அம்மாவைக் கண்டு நின்றார். சிங்களத்தில் ஏதோ சொன்னார். சொல்லிவிட்டு வழக்கத்தில் இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். சேர் எப்போதும் நிற்கும் பக்கம்.

அங்கே ஒருவரும் இல்லை. பந்தல் முழுக்க எங்களைப் பார்த்தது. நான் எழுந்தேன்.

“உங்கட கிணத்துத் தண்ணி நல்ல தண்ணியாம், அம்மா. தாங்கள் வருசக்கணக்காக் குடிச்சவையாம்.”

சம்மாட்டி அம்மா கப்டனை ஏற இறங்கப் பார்த்தா.

“எனக்குத் தெரியுமெண்டு சொல்லு. தண்ணி நல்லதெண்டபடியாத்தானே எழும்பிப் போக மனமில்லாமல் இருந்தனீங்கள் எண்டும் சொல்லு.”

பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். இதைக் கொஞ்சம் மழுப்பிச் சொல்லலாம். துக்க வீடு, வந்தவர் விருந்தாளி, ஒருவரும் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். நான் கப்டனின் முகத்தைப் பார்த்து, ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல், அதைச் சிங்களத்தில் சொன்னேன்.

கப்டன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்து ஒரு சொல் சொன்னார்.

“ஓம் எண்டுறார், அம்மா” என்றேன்.

சம்மாட்டி அம்மா பக்கத்திலிருந்த வெறும் கதிரையைக் கையால் தட்டிக் காட்டினா. அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. கப்டன் அதில் இருந்தார்.

பின்னேரம் நான் புறப்பட்டபோது வாசலில் செருப்புகள் குறைந்திருந்தன. கப்டனின் சப்பாத்தும் போய்விட்டிருந்தது. படியின் மூலையில் அந்தச் சோடி மட்டும், வெள்ளைக் கோட்டோடு, கேற்றைப் பார்த்தபடி இருந்தது. என் செருப்பை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் யாராவது வைத்தால் முட்டாத அளவுக்கு அதைச் சற்றே சுவரோடு தள்ளி வைத்துவிட்டு வந்தேன்.